போஸ்டரில் இருக்கிறார், மேடையில் இல்லை

ராக் பேண்டுகளின் டிக்கெட், ஆல்பம், டி-சர்ட் என்று பல வருடங்களாகக் காசு செலவழித்து வருகிறேன். பாட்டைப் பற்றிப் பெரிதாகக் குறை இல்லை. பேண்டை விட்டுப் போனவரின் முகத்தைக் காட்டியே இன்னும் வியாபாரம் செய்கிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு.

ஆள் மாறுவது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஜர்னி பேண்டுக்கு 2007இல் ஆர்னெல் பினேடா பாட வந்தார். யூடியூபில் அவர் பாடியதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள், அதை ஊரறியச் சொன்னார்கள். பழைய பாடகர்தான் வேண்டும் என்றவர்கள் டிக்கெட் எடுக்காமல் இருந்துகொள்ளலாம். கணக்கு நேர்.

எனக்கு நடந்தது வேறு. ஒரு பேண்ட், பெயர் வேண்டாம். விளம்பரப் படத்தில் நட்டநடுவில் நின்றவர் அதன் கிட்டாரிஸ்ட். அவர் விலகி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அவரே தன் பக்கத்தில் எழுதியிருந்தாராம். பேண்டின் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அரங்க வாசலில் அதே படம் ஆளுயரத்துக்கு. உள்ளே விளக்கு எரிந்ததும் அவர் இடத்தில் வேறொருவர். புதியவர் நன்றாகவே வாசித்தார், பாவம். ஆனால் ஒவ்வொரு சோலோவின்போதும் பக்கத்தில் இருந்தவர்கள் "இவர் யார்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடகர் கடைசியில் பெயர்களைச் சொன்னபோது புதியவரின் பெயர் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கலைஞர்கள் மாறலாம் என்று டிக்கெட்டில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். விலகியவருக்கும் ஏமாற்றம், வந்தவருக்கும் அவமானம், கல்லாவுக்கு மட்டும் நஷ்டமில்லை.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. இந்த வித்தையில் கரைகண்டவர்கள் என்றால், முகம் முழுக்க மேக்கப் பூசி மேடையேறிய கிஸ் பேண்டைத்தான் சொல்ல வேண்டும். 1980இல் வந்த 'அன்மாஸ்க்டு' ஆல்பத்தின் அட்டையில் டிரம்மர் பீட்டர் கிறிஸ் இருக்கிறார். உள்ளே டிரம்ஸ் வாசித்தது ஆன்டன் ஃபிக். 1982இன் 'கிரீச்சர்ஸ் ஆஃப் தி நைட்' இன்னும் வேடிக்கை. அட்டையில் கிட்டாரிஸ்ட் ஏஸ் ஃப்ரேலி, ஆனால் ஆல்பத்தில் அவர் வாசிக்கவே இல்லை. வின்னி வின்சென்ட்டும் இன்னும் சிலரும்தான் லீட் கிட்டார் வாசித்தார்கள். சரி, 1985இல் மேக்கப் இல்லாத புது அட்டையோடு மறுபடி வெளியிட்டார்களே, அப்போதாவது திருத்தினார்களா? அதில் பிறகு கிட்டார் வாசிக்க வந்த ப்ரூஸ் கூலிக்கைப் போட்டார்கள். அவரும் அதில் வாசித்தவர் இல்லை. ஒரே ஆல்பம், இரண்டு அட்டை, இரண்டிலும் வின்சென்ட் இல்லை. பின்னாளில் ஃப்ரேலியின் அதே வெள்ளி மேக்கப்பைப் போட்டுக்கொண்டு டாமி தேயர் மேடையேறினார். பின்வரிசையில் இருப்பவருக்கு என்ன தெரியும்?

இதைத் தலைகீழாகச் செய்தவர்களும் உண்டு. பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் 'டைரி ஆஃப் எ மேட்மேன்' ஆல்பம் 1981இல் வந்தபோது, பதிவில் வாசித்த பாப் டெய்ஸ்லியும் லீ கெர்ஸ்லேக்கும் குழுவில் இல்லை. அட்டையில் புதியவர்களான ரூடி சார்ஸோ, டாமி ஆல்ட்ரிஜ் பெயர்கள்தான் வந்தன. உழைத்தவன் பெயர் போய், ஊர்வலத்தில் வந்தவன் பெயர் ஏறிவிட்டது.

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. விளம்பரப் படம் அடிக்கடி எடுப்பதில்லை. டிக்கெட் விற்பனை பல மாதம் முன்பே தொடங்கிவிடும். அப்புறம், நிகழ்ச்சி நடத்துபவர் கைக்குக் கிடைத்த படத்தை ஒட்டிவிடுவார். இதெல்லாம் பாதி உண்மை. பழைய முகம்தான் விற்கும் என்பது மீதிப் பாதி. இணையப் பக்கத்தில் ஒரு வரி மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்? 2024 டிசம்பரில் அயர்ன் மெய்டன் பேண்டின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன், இனிச் சுற்றுப்பயணம் வர மாட்டேன் என்று அறிவித்தார். சைமன் டாசன்தான் இனி டிரம்ஸ் என்பதையும் கையோடு சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான் வேலை.

இப்போதெல்லாம் போஸ்டரைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. பேண்டின் பக்கத்தை விட, அதில் இருப்பவர்கள் தனித்தனியாக வைத்திருக்கும் பக்கங்களில்தான் உண்மை இருக்கிறது. சுற்றுப்பயணம் தொடங்கி, முதல் சில கச்சேரிகளை யாராவது மொபைலில் எடுத்துப் போட்ட பிறகே டிக்கெட் எடுக்கிறேன். அதற்குள் நல்ல சீட்டெல்லாம் போய்விடுகிறது.