கொய்யாவுக்கு எத்தனை கட்டம்?

எந்தக் கணினி மொழி உசத்தி என்று எங்கள் அலுவலகத்தில் டீ வேளைதோறும் சண்டை நடக்கும். வேகம், சம்பளம், எதற்கு வேலை அதிகம் கிடைக்கும், இவைதான் வாதம். பத்து வருஷமாக ஜாவாவில் கணக்கு மென்பொருள் எழுதிப் பிழைப்பவள் என்பதால் எனக்கும் அதில் ஒரு கட்சி உண்டு. போன வருஷம் சித்தப்பா கொடுத்த ஒரு வேலைக்குப் பிறகு கட்சி மாறிவிட்டேன்.

சித்தப்பா அச்சகம் வைத்திருக்கிறார். மாதாமாதம் ஒரு சிற்றிதழும் போடுகிறார், கடைசிப் பக்கம் குறுக்கெழுத்து. இத்தனை காலம் கையாலேயே கட்டம் போட்டவருக்கு இப்போது கண் ஒத்துழைப்பதில்லை. சொல் பட்டியல் ஒன்றை பென் டிரைவில் கொடுத்து, "நீ கம்ப்யூட்டர்ல போட்டுக் குடும்மா" என்றார்.

முதலில் பைத்தான். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குள் எழுதி முடித்துவிட்டேன், அவ்வளவு சுகமான மொழி. சாயங்காலம் போன் வந்தது. "ஏம்மா, கொய்யாவுக்கு ஆறு கட்டம் விட்டிருக்கியே?"

பார்த்தால், ஒரு கட்டத்தில் வெறும் புள்ளி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. பைத்தானில் சொல்லின் நீளத்தைச் சொல்லும் 'லென்' எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோட் (எழுத்துகளுக்குக் கணினிகள் வைத்துக்கொள்ளும் பொதுக் குறியீடு) குறிகளை: க, ஒகரக் குறி, ய, புள்ளி, ய, துணைக்கால். ஆக 6. நாம் ஒன்றாம் வகுப்பில் படித்தபடி கொ, ய், யா, மூன்றுதான்.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. பட்டியலில் கொய்யா இரண்டு தடவை இருந்தது. இரண்டாவதற்கு 7 கட்டம்! அந்தப் பட்டியலில் பாதி, பழைய பாமினி எழுத்துருவில் அடித்து யாரோ யூனிகோடுக்கு மாற்றியது. மாற்றியபோது கொவின் ஒகரக் குறி, ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகப் பிரிந்துவிட்டது. திரையில் இரண்டு கொய்யாவும் ஒன்றுபோலவே தெரியும். பைத்தானைக் கேட்டால் வேறு வேறு என்று சாதிக்கும். பட்டியலைச் சொல் சொல்லாகப் பிரிக்கலாம் என்று, எழுத்துக்கோவையைத் தேடிப் பிரிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் போட்டேன். கொய்யா போய் க, ய, ய என்று மூன்று துண்டு வந்தது. பைத்தானோடு வரும் அந்தக் கருவிக்கு நம் உயிர்க்குறியும் புள்ளியும் சொல்லின் பாகமே இல்லையாம்.

எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது. பைத்தானின் 'யூனிகோட்டேட்டா' என்ற தொகுதியை அழைத்து முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, எந்தக் குறியின் வகை 'எம்'மில் (ஒட்டுக்குறி என்று பொருள்) தொடங்குகிறதோ அதை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட வேண்டும். பன்னிரண்டு வரி. ஆனால் சித்தப்பாவின் கணினி விண்டோஸ் 7. அதில் பைத்தான் 3.8க்கு மேல் ஏறாது. அதை நிறுவி, பாதையைச் சரிசெய்து... அவரிடம் போனில் சொல்லிப் புரியவைக்க என்னால் ஆகாது.

அதனால் கோ மொழிக்குப் போனேன். ஒரே ஃபைல், கொண்டுபோய் வைத்தால் ஓடும், வேறெதுவும் வேண்டாம். (விண்டோஸ் 7 என்பதால் பழைய 1.20 பதிப்புதான்.) இந்த ஒரு வசதிக்காகவே கோவை, ஊரைச் சொல்லவில்லை, மொழியைச் சொல்கிறேன், எனக்குப் பிடிக்கும். ஆனால் கொய்யாவின் நீளம் கேட்டேன்: 18. பைட்டை (சேமிப்பின் சின்ன அலகு) எண்ணுகிறது, யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். அந்த யூடிஎஃப்-8ஐ 1992இல் வகுத்த கென் தாம்ப்ஸனும் ராப் பைக்குமேதான் கோவை உருவாக்கிய மூவரில் இருவர்! நிரலில் மதிப்பை வைத்துக்கொள்ளும் மாறிக்கு 'கட்டம்' என்று பெயர் வைத்துப் பார்த்தேன். புள்ளி ஆகாது என்று பிழை காட்டியது. பைத்தான் இதே பெயரை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது.

அடுத்து ரஸ்ட் என்ற மொழி, அதிலும் 18தான். ஆனால் அதனிடம் ஒரு நேர்மை பார்த்தேன். சொல்லின் முதல் எழுத்தை எண் போட்டுக் கேட்டால் அரைகுறையாக எதையாவது எடுத்து நீட்டாது, கம்பைல் ஆகவே, அதாவது ஓடும் நிரலாக மாறவே, மறுத்துவிடும். எழுத்தாகப் பிரிக்க வெளியிலிருந்து ஒரு கிரேட் (ரஸ்டின் துணைத் தொகுப்பு) சேர்க்க வேண்டும். சனிக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு மூடி வைத்தேன்.

ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியைத் தோழியின் மேக்கில் தட்டிப் பார்த்தேன். 'கவுன்ட்' என்றேன், 3 என்றது. இரண்டு கொய்யாவும் ஒன்றா என்றேன், ஆமாம் என்றது. நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழ் எழுத்து என்றால் என்னவென்று கேட்காமலே தெரிந்த மொழி நான் பார்த்த ஐந்தில் இது ஒன்றுதான். என்ன பயன், அச்சகத்தின் விண்டோஸ் 7க்கு அது வராதே.

கடைசியில் கைகொடுத்தது ஜாவாஸ்கிரிப்ட். எங்கள் டீ சண்டையில் எல்லாரும் சேர்ந்து மொத்துகிற மொழி, நானும் மொத்தியிருக்கிறேன். அதன் 'லெங்த்'தும் 6 என்றுதான் சொல்லும். ஆனால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் 'நார்மலைஸ்' கூடவே வருகிறது, எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் 'இன்ட்டில் செக்மென்டர்' பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து கொய்யாவைச் சுத்தமாக மூன்றாக வெட்டிக் கொடுத்தன. குரோம் 87இலேயே அந்த செக்மென்டர் வந்துவிட்டது. விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி குரோம் 109. ஆக ஒரே ஒரு எச்டிஎம்எல் ஃபைலை சித்தப்பாவின் டெஸ்க்டாப்பில் போட்டேன். இரண்டு தடவை கிளிக் செய்கிறார், கட்டம் வருகிறது, அச்சுக்குப் போகிறது. மற்றபடி ஜாவாஸ்கிரிப்ட் மேல் எனக்கு இருக்கிற பழைய கோபமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு பாக்கி உண்டு. ஸ்ரீரங்கத்துக்கு நமக்கு ஐந்து கட்டம். செக்மென்டர் ஆறு என்கிறது, ஸ்விஃப்ட்டும் ஆறுதான். ஸ்ரீயை 'ஸ்', 'ரீ' என்று இரண்டாக உடைத்துவிடுகின்றன. சரி, ஸ்ரீக்கு மட்டும் தனி விதி எழுதினேன். அப்போதும் சில ஸ்ரீ அகப்படவில்லை. 2005இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு 'ஶ'வை வைத்தும் ஸ்ரீ எழுதலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 'நார்மலைஸ்' செய்தாலும் இவை ஒன்றாகாது. இதை சித்தப்பாவிடம் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப திருவரங்கம்னு போட்டுக்கோ" என்றார்.