கல்யாணப் பத்திரிகை அட்டையும் என் ஸ்பிரிங் ஏர் ரைபிளும்

பங்குனி மாதம் இதை எழுதியிருந்தால் ஒரே ஒரு ஸ்டார்தான் போட்டிருப்பேன். இப்போது நாலு போடுகிறேன். துப்பாக்கி அதேதான், மாற்றவில்லை.

மதுரை சிம்மக்கல்லில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். வீடு நாகமலை புதுக்கோட்டையில். மொட்டைமாடியை நீளவாக்கில் அளந்தால் கச்சிதமாக 10 மீட்டர் வரும். பையன் ஒன்பதாவது படிக்கிறான், பள்ளியில் ஏர் ரைபிள் பழகுகிறான். அவனுக்கென்று சொல்லித்தான் வாங்கினேன். பாதி நாள் நான்தான் சுட்டுக்கொண்டிருக்கிறேன். உள்நாட்டுத் தயாரிப்பு, பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற வகை, விலை 11,500 ரூபாய். துளை 4.5 மி.மீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாததால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனாலும் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

டார்கெட்டுக்கு அட்டை காசு கொடுத்து வாங்குவதில்லை. அச்சகத்தில் பிழை விழுந்து ஒதுக்கிய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. 300 ஜிஎஸ்எம் கனத்த அட்டையில் தட்டைத் தலை ரவை (ஈயக் குண்டு) பட்டால் பஞ்ச் போட்டதுபோல வட்டமாக ஓட்டை விழும். சாதாரணத் தாள் என்றால் கிழிந்துபோகும், எங்கே பட்டது என்று அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை வரும். அட்டைக்குப் பின்னால் பழைய பேப்பர்க் கட்டு, அதற்கும் பின்னால் மணல் மூட்டை, அதற்கப்புறம் சுவர்.

முதல் வருஷம் குறையே இல்லை. ஐந்து ரவை சுட்டால் ஐந்தையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம். (பையனிடம் பீற்றிக்கொள்ள முடியாது. அபினவ் பிந்த்ரா 2008இல் தங்கம் வாங்கிய 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர்தான் என்பான்.) இரண்டாவது வருஷம்தான் பிடித்தது சனியன். மாப்பிள்ளை பெயருக்குக் குறி வைத்தால் ஒன்று பெண்ணின் அப்பா பெயரில் விழும், அடுத்தது முகூர்த்த நேரத்தில், மூன்றாவது மொய்யெழுதுகிற இடத்துக்கே போய்விடும்போல இருந்தது. அளந்து பார்த்தேன், ஆறு சென்டிமீட்டர் சிதறல்.

முதலில் செய்த முட்டாள்தனம் ஸ்கோப், துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கிற தொலைநோக்கி. 2,800 ரூபாய். கண்தான் மங்கிவிட்டது என்று நினைத்தேன். ஸ்பிரிங் துப்பாக்கியின் உதை ஒரு பக்க உதை அல்ல. உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் காற்றை நெருக்கி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் எகிறுகிறது. சாதாரண ஸ்கோப்புகள் பின்னுதையைத் தாங்கும், இந்த முன்னெகிறலைத் தாங்காது. நூறு ரவைக்குள் ஸ்கோப்பைப் பிடித்திருக்கிற மவுன்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்திருந்தது, உள்ளே இருந்த குறுக்குக் கம்பியும் கோணிவிட்டது. அது போதாதென்று அந்த ஸ்கோப் 100 கஜத்துக்கு ஒழுங்கு செய்தது. 10 மீட்டரில் தலையை ஒரு நூல் அசைத்தாலே குறியும் கூடவே நகர்கிறது.

அடுத்து ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். துப்பாக்கியை ஒருமுறை மடக்கிப் பார்த்துவிட்டு "ஸ்பிரிங் படுத்துருச்சு சார்" என்றார். புது ஸ்பிரிங், கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். வீட்டுக்கு வந்து சுட்டால் சிவகாசி வெடி மாதிரி சத்தம், பேரல் வாயில் புகை. வண்டிக்குப் போடுகிற கிரீஸை உள்ளே அள்ளி அப்பியிருக்கிறார். காற்று நெருங்கும் சூட்டில் அது பற்றிக்கொள்கிறது, டீசல் இன்ஜின் ஓடுகிற அதே கணக்கு. ஒரு ரவை வேகமாகப் போகும், அடுத்தது சாதாரணமாகப் போகும், அட்டையில் மேலும் கீழுமாக விழும். இருநூறு ரவை செலவழித்த பிறகுதான் புகை நின்றது. சிதறல் அப்படியே இருந்தது.

சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கிற எதிர்சேவை அன்று ராத்திரி தல்லாகுளத்தில் கூட்டத்தோடு நகர்ந்துகொண்டிருந்தபோது ஒரு பலூன் சுடுகிற கடை. கடைக்காரர் ஒரு துப்பாக்கியின் கட்டை ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் முடுக்கிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். "அண்ணே, நான் ஒரு நாளைக்கு நாலு தரம் ஸ்க்ரூ முடுக்குவேன். நீங்க வாங்குனதுலருந்து எத்தன தரம் முடுக்கியிருப்பீங்க?" என்றார். ஒரு தரம்கூட இல்லை. உங்கள் கடைத் துப்பாக்கி மட்டும் ஏன் பலூனைத் தொடவே மாட்டேன் என்கிறது என்று கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. திருவிழா முடிந்த மறுநாள் காலை என் துப்பாக்கியைப் பார்க்க வீட்டுக்கே வந்தார்.

கட்டையையும் குழாயையும் சேர்க்கும் மூன்று ஸ்க்ரூவில் முன்னால் இருக்கும் இரண்டும் லொடலொடத்துக் கிடந்தன, ஒன்று விரலாலேயே சுற்றியது. முடுக்கியதும் சிதறல் ஆறிலிருந்து நாலு சென்டிமீட்டருக்கு இறங்கியது. அப்புறம் ஒரு மெல்லிய தாள் கேட்டார். என்னிடம் தாளுக்கா பஞ்சம்? பத்திரிகைக்குள் வைக்கிற டிஷ்யூ தாளில் விரல் அகலத்துக்குக் கிழித்துக் கொடுத்தேன். பேரல் மடங்குகிற இணைப்பின் மேல் அதைப் படிய வைத்து, ரவை போட்டுச் சுடச் சொன்னார். (வெறுமனே சுட்டால் பிஸ்டன் இடித்து சீல் கெட்டுப்போகும்.) தாள் பட்டாம்பூச்சி மாதிரி எகிறிப் பறந்தது. ரவையைத் தள்ளவேண்டிய காற்றில் ஒரு பங்கு அந்த இடுக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு அளவு.

பேரலின் பின்முனையைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு, ஓ-ரிங். குண்டூசியால் நெம்பி எடுத்தோம். உருண்டையாக இருக்கவேண்டியது ஒரு பக்கம் அப்பளமாகத் தட்டையாகி, ஓரத்தில் வெட்டும் விழுந்திருந்தது. தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு பேரிங் கடையில் அதே அளவில் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. போட்டோம், தாள் இன்னும் லேசாக ஆடியது. வளையம் பள்ளத்தில் கொஞ்சம் தாழ்வாக உட்கார்ந்திருந்தது. பத்திரிகை அட்டையில் மெல்லிய வட்டம் வெட்டி அதற்கு அடியில் வைத்தேன். இதிலும் என் தொழில்தான் கைகொடுத்தது. அடுத்த ஐந்து தடவையும் தாள் அசையவே இல்லை.

மிச்சம் என் கையில் இருந்தது. நான் கைப்பிடிச் சுவரில் துப்பாக்கியை ஊன்றி, இடது கையால் இறுக்கிப் பிடித்துச் சுடுகிறவன். "கழுத்த நெரிக்காதீங்கண்ணே, வடை மாவ உள்ளங்கையில வச்சிருக்க மாதிரி சும்மா ஏந்துங்க" என்றார். ரவை வெளியேறுவதற்குள்ளேயே துப்பாக்கி அசையத் தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இறுக்கம். சுவரில் ஊன்றினால் சுவரே அதை எகிறவிடும். உள்ளங்கையை விரித்து, துப்பாக்கி எடை நிற்கிற இடத்தில் ஏந்தினால் தன் போக்கில் பின்னால் வந்து போகிறது, எப்போதும் ஒரே மாதிரி. சொல்வதற்கு லேசு, எனக்குப் பழக மூன்று வாரம் ஆனது. பையனுக்கு ஒரு சாயங்காலம்.

ரவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டப்பாவைப் பையன் படியில் போட்டிருக்கிறான், பாதி ரவைக்குப் பாவாடை, அதாவது விரிந்த பின்விளிம்பு, நசுங்கியிருந்தது. கண்ணாடித் தகட்டில் உருட்டினால் கெட்டது நொண்டியடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். நாலு பிராண்ட் வாங்கிப் பார்த்ததில், அரை கிராம் எடையில் கொஞ்சம் விலை கூடிய ஒன்றுதான் இந்தப் பேரலுக்கு ஒத்துப்போனது. உங்கள் பேரலுக்கு வேறாக இருக்கலாம். தூண்டில் நரம்பில் துணித்துண்டு கட்டிப் பேரலுக்குள் இழுத்தபோது கரிக்கட்டை மாதிரி ஈய அழுக்கு வந்தது. சுத்தம் செய்த கையோடு சுட்டால் முதல் இருபது ரவை எங்கேயோ போகும், பயந்துவிடாதீர்கள்.

இப்போது மறுபடி ஒரு ரூபாய்க் காசு. நல்ல நாளில் அதைவிடக் கொஞ்சம் சின்னது. பேரல் நல்ல பேரல், அதற்காகவே வாங்கலாம். ஒரு ஸ்டாரைக் குறைத்ததற்குக் காரணம் பின்சைட், அதாவது குறி பார்க்க உதவுகிற பின்பக்கத் துண்டு. பிளாஸ்டிக், விரல் பட்டால் ஆடுகிறது. ட்ரிகரும் கிணற்றில் வாளி இழுப்பதுபோலக் கனம். தோட்டத்தில் மயில் தொல்லை, அதற்கு வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கூடவே கூடாது. மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

பட்டறைக்காரர் கழற்றி எடுத்த பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன். புதியதோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தால் உயரத்தில் வித்தியாசமே தெரியவில்லை. ஸ்கோப்பைப் பையன் எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியிலிருந்து சமணமலை ஏறுகிறவர்களை அதில் எண்ணிக்கொண்டிருக்கிறான்.