கொலுசுப் பட்டறைக் கணக்கு: எக்செலா, டேலியா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் கணக்கு ரூபாயில் மட்டும் ஓடுவதில்லை; கிராமிலும் ஓடுகிறது. யாருக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், கொலுசாக எவ்வளவு திரும்பியது, சேதாரம், கூலி பாக்கி என எக்செலில் நம் வசதிப்படி கட்டம் போட்டுக்கொள்ளலாம். பிவட் டேபிள் (விவரங்களைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டால் எந்த மாடல் எந்த மாதம் அதிகம் விற்றது என்பதும் தெரிந்துவிடும். வளர்ச்சியைப் பார்க்க எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் யாரோ ஓர் எண்ணைத் தவறுதலாக மாற்றிவிட்டால் எக்செல் பெரும்பாலும் வாய் திறக்காது.

டேலி என்ற கணக்கு மென்பொருள் கறாரான கணக்குப்பிள்ளை. பற்றும் வரவும் சமமாகாத வவுச்சரை, அதாவது கணக்குப் பதிவை, ஏற்காது. 3 சதவீத ஜிஎஸ்டி பில், ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டி படிவம்), வர வேண்டிய பாக்கி எல்லாம் ஒரே இடத்தில். கிராம் கணக்கும் வைக்கலாம். அதற்குப் பழகிய ஆள் வேண்டும்.

கூலிக்கு மட்டும் கொலுசு செய்பவருக்கு எக்செல் போதும். ஜிஎஸ்டி பதிவு எடுத்து வெளியூருக்குச் சரக்கு அனுப்புபவர் டேலிக்கு மாறிவிடுவதே நல்லது.