ஏழு நாள் மாத்திரைப் பெட்டி: எட்டு மாதம் வைத்துப் பார்த்ததில்

அம்மாவுக்கு 67 வயது. மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம், எங்கள் பக்கம் சரவாங்கி என்பார்கள். கூடவே தைராய்டு, பிரஷர். எல்லா மாத்திரையையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்து, அம்மாவே பார்த்து எடுத்துக்கொள்வார். கணக்குப் பிள்ளை மாதிரி சரியாக இருப்பார் என்பதால் நான் அந்த டப்பாவைத் திறந்தே பார்த்ததில்லை.

போன வருஷம் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையைப் புதிதாக ஆரம்பித்தார்கள். முடக்குவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். இதே மருந்தைப் பெரிய அளவில் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள். டாக்டர் சீட்டில் புதன்கிழமை மட்டும் என்றுதான் இருந்தது. மருந்துக்கடையில் கவரின் மேல் 0-0-1, அதாவது தினமும் இரவு ஒன்று, என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா பார்த்தது கவரை. ஆறு நாள், ராத்திரிக்கு ஒன்று.

ஏழாம் நாள் ரசம் சாதம்கூட விழுங்க முடியவில்லை. உதட்டுக்கு உள்ளே, நாக்கின் ஓரமெல்லாம் புண். உடம்புச் சூடு என்று நினைத்து மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. மறுநாள் காய்ச்சல் வந்து ரத்தம் பார்த்தால் வெள்ளையணு 1,800. குறைந்தது 4,000 இருக்க வேண்டியது. இந்த மருந்து எலும்பு மஜ்ஜையில் அணு உற்பத்தியையே அடக்கிவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த மருந்தின் பாதிப்பை முறிக்க ஃபோலினிக் அமில ஊசி போட்டு, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த வாரமே திருச்சி புத்தூரில், பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சர்ஜிகல்ஸ் கடையில் இந்தப் பெட்டியை வாங்கினேன். 340 ரூபாய். ஏழு நாளுக்கு ஏழு பட்டை, ஒவ்வொன்றிலும் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு அறை. ஒரு நாள் பட்டையை மட்டும் தனியே கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.

நல்லது முதலில். அறைகள் பெரியவை. ஸ்ட்ரிப்பைக் கத்தரியால் வெட்டி, மாத்திரையை அலுமினியத் தாளோடே உள்ளே வைக்க முடிகிறது. வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். உரித்துப் போட்ட மாத்திரைக்குப் பெயரும் கிடையாது, காலாவதித் தேதியும் கிடையாது, ஈரமும் ஏறும். மீதி ஸ்ட்ரிப்பில் தேதி அச்சிட்ட முனையை மட்டும் கடைசிவரை வெட்டாமல் வைத்திருக்கிறேன். அப்புறம், சாப்பிட்டேனா இல்லையா என்ற சந்தேகமே போய்விட்டது. முன்பெல்லாம் அம்மா சந்தேகத்தில் பிரஷர் மாத்திரையை இரண்டாவது தடவையும் போட்டிருக்கிறார். இப்போது அறை காலியாக இருந்தால் சாப்பிட்டாயிற்று, அவ்வளவுதான்.

குறை என்று பார்த்தால் மூடிதான் பெரிய குறை. நகத்தால் நெம்பித் திறக்க வேண்டியிருக்கிறது. விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கோணியிருக்கும் ஒருவருக்கு இது எப்படி முடியும்? முதல் வாரம் அம்மா ஸ்பூன் காம்பை வைத்துத் திறந்தார். மூடி படாரென்று விட்டு வியாழக்கிழமை மாத்திரைகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில். இப்போது ராத்திரியே மறுநாள் பட்டையின் மூடிகளை நான் லேசாகத் தளர்த்தி வைத்துவிடுகிறேன். நாளைக் குறிக்க ஆங்கில முதலெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து, சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எழுத்து! அதுவும் இரண்டு மாதத்தில் தேய்ந்துவிட்டது. ஞா, தி, செ, பு என்று பர்மனென்ட் மார்க்கரில் எழுதி மேலே செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். குழந்தைகள் திறக்காமலிருக்கப் பூட்டு எதுவும் இல்லை. அண்ணன் பையன் வந்தால் பெட்டி பீரோ மேல் போய்விடும்.

எல்லா மாத்திரையையும் இதில் போடக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கு ஈரமும் வெளிச்சமும் ஆகாது, அதை அதன் பாட்டிலிலேயே வைத்திருக்கிறேன். அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியத்தை மதிய அறையில் வைத்துவிடுவதால் அது தானாகவே சரியாகிவிடுகிறது.

மெத்தோட்ரெக்ஸேட்டும் பெட்டிக்குள் போகாது. மற்ற மாத்திரைகளோடு சேர்க்க வேண்டாம், கர்ப்பிணிகள் கையால் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரி மருந்தாளுநர் உட்கார வைத்துச் சொன்னார். என் தம்பி மனைவி அப்போது ஐந்து மாதம். மெத்தோட்ரெக்ஸேட்டின் பக்கவிளைவைக் குறைக்க அம்மாவுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரையும் இதுவும் இரண்டுமே மஞ்சள், இரண்டுமே சின்னது. கலந்துவிட்டால் எனக்கே அடையாளம் தெரியாது. அதனால் ஸ்ட்ரிப் பீரோவில் பூட்டியிருக்கும். ஃபோலிக் அமிலம் மற்ற ஆறு நாளும் இரவு அறையில் இருக்கும். புதன் இரவு அறையில் மட்டும் ஒரு சிவப்புக் காகிதத் துண்டு. அதைப் பார்த்ததும் அம்மா என்னைக் கூப்பிடுவார், நான் எடுத்துக் கொடுப்பேன், காலண்டரில் இருவரும் பார்க்க டிக் அடிப்போம்.

பெட்டியின் அடியில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்: மெத்தோட்ரெக்ஸேட், புதன் மட்டும், செப்ட்ரான் கொடுக்க வேண்டாம். செப்ட்ரான் என்ற ஆன்டிபயாட்டிக் இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் மறுபடி விழுந்துவிடும். சளி, சிறுநீர்த் தொற்று என்று வேறு டாக்டரிடம் போகும்போது பட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு அந்த அடித்தட்டையே கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

ஐந்துக்கு மூன்று தருவேன். கை நன்றாக இருப்பவர்களுக்கு இது தாராளமாகப் போதும். மூட்டு வலிக்காரர்கள் பட்டனை அழுத்தினால் மூடி எழும்பும் வகையைக் கேட்டு, கடையிலேயே அவர்கள் கையால் திறக்கச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனைக்கு அம்மாவைப் புத்தூர் கூட்டிப்போகும்போது நானும் அதைத்தான் வாங்கப்போகிறேன்.