ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு டிராக் டியூனிங் பட்டறை

ஓசூர் பாகலூர் சாலையில், நேர்கோட்டுத் தடத்தில் இரண்டிரண்டு வண்டிகளாக மோதும் டிராக் (drag) பந்தய வண்டிகளுக்கென்றே இயங்கும் ஒரு சிறிய பட்டறையில் என் பைக்கின் எஞ்சின் வேலையை ஒப்படைத்திருந்தேன். அங்கு நான் பெரிதும் மதிப்பது, கால் மைல் (சுமார் 400 மீட்டர்) தூரத்தை ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் மாறாமல் கடக்கும்படி அவர்கள் வண்டியைத் தயார் செய்யும் முறையையே. அமெரிக்க டிராக் பந்தயங்களில் மெதுவான வண்டிக்கு முன்கூட்டியே புறப்பட இடம் தரும் சலுகை விதிகளை ஊன்றிப் படித்த மூத்த மெக்கானிக் ஒருவர், வேலையை எடுத்துக்கொள்ளும் முன்பே அந்த வரலாற்றை வாடிக்கையாளருக்குப் பொறுமையாக விளக்குகிறார்.

1951இல் தொடங்கப்பட்ட, அமெரிக்க டிராக் பந்தயங்களை நடத்தும் என்எச்ஆர்ஏ (NHRA) அமைப்பு, தொழிற்சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் பிரிவுகளின் கார்களை எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு வகுப்புகளாகப் பிரித்தது. வெவ்வேறு வகுப்புக் கார்கள் மோதும்போது மெதுவான கார் முன்னதாகப் புறப்படும். 1963இல் கிறிஸ்துமஸ் மரம் எனப்படும் விளக்குக் கம்பம் வந்தபின், இரு தடங்களிலும் வெவ்வேறு கணத்தில் பச்சை விளக்கை எரியவைத்து இச்சலுகையைத் துல்லியமாக வழங்க முடிந்தது. கால் மைலை 14.00 நொடியில் கடக்க வேண்டிய கார் 12.50 நொடிக்குரிய காரைச் சந்தித்தால், மெதுவான முதல் கார் 1.50 நொடி முன்னதாகப் புறப்படும்.

விகிதமே வகுப்பைத் தீர்மானித்ததால், மெதுவான வகுப்பில் இடம்பெறுவதற்காகத் தொழிற்சாலை அறிவிக்கும் குதிரைத்திறனைக் குறைத்துச் சொல்வது லாபமாயிற்று. 1968இல் ஃபோர்டு தன் 428 கோப்ரா ஜெட் எஞ்சினுக்கு 335 குதிரைத்திறன் என்றே அறிவித்தது; உண்மைத் திறன் அதைவிட அதிகம் என்பதால் என்எச்ஆர்ஏ தன் கணக்கில் அந்த எண்ணை உயர்த்திக்கொண்டது. ஓட்டுநர்களும் சும்மா இருக்கவில்லை. வேகத்தை முழுவதும் காட்டினால் அடுத்த முறை சலுகை குறையும் என்பதால், வெற்றி உறுதியானதும் முடிவுக் கோட்டருகே ஆக்சிலரேட்டரில் காலைத் தளர்த்தினார்கள். பின்னர் ஒவ்வொரு வகுப்புக்கும் நிர்ணயித்த இண்டெக்ஸ் என்னும் அளவு நேரமும், 1970களில் பரவிய பிராக்கெட் பந்தயத்தில் ஓட்டுநரே தன் நேரத்தை அறிவிக்கும் டயல்-இன் முறையும், அறிவித்ததைவிட விரைவாக ஓடினால் தோல்வி என்னும் பிரேக்-அவுட் விதியும் வந்தன. சொன்ன நேரத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் வண்டிக்கு மதிப்புக் கூடியது இவ்வாறுதான். சாதாரண சம்பளக்காரர் தன் வீட்டுக் காரைக் கொண்டே பெரும்பணக்காரரை வெல்ல வழி செய்த இவ்விதிகள் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

பட்டறையின் வேலையில் இப்படிப்பு தெளிவாகத் தெரிகிறது. ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஓட்டுநரையும் சேர்த்து எடை பார்க்கிறார்கள். கிளட்ச் பிளேட்டுகளின் தேய்மானம், சங்கிலியின் தொய்வு, டயர் காற்றழுத்தம் அனைத்தையும் ஒரு தாளில் எழுதித் தருகிறார்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்குள்ள மெல்லிய காற்றுக்குப் பொருத்திய கார்புரேட்டர் ஜெட் (எஞ்சினுக்குச் செல்லும் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைப் பாகம்), சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் அடர்ந்த காற்றில் பெட்ரோலைக் குறைவாகவே தரும். அதனால் சமவெளிக்கென்று பெரிய ஜெட் ஒன்றைத் தனியே பொதிந்து, எப்போது மாற்ற வேண்டும் என்ற குறிப்பையும் வைத்துக் கொடுத்தார்கள். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நான் வேலை கொடுத்த வேறு எந்த இடத்திலும் இத்தகைய அக்கறையைக் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. பந்தயப் பருவத்தில் சொன்ன தேதிக்கு வண்டி கிடைப்பதில்லை. உதிரி பாகங்களின் விலையை முன்கூட்டி எழுதித் தருவதுமில்லை. நம் நாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் எஞ்சினின் சிசி அளவைக் கொண்டு பிரிக்கப்பட்டு, முதலில் கடப்பவரே வெல்லும் முறையில் நடப்பதால், உச்ச வேகம் ஒன்றையே நாடுபவருக்கு இவர்களின் அணுகுமுறை நிதானமாகத் தோன்றக்கூடும். நெடுஞ்சாலையில் பந்தயம் ஓட்டுபவர் எனத் தெரிந்தால் வேலையையே மறுத்துவிடுகிறார்கள். அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். வண்டி கொடுக்க விரும்புவோர், முந்தைய ஓட்டங்களின் நேரச் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லவும். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.