மீன்குஞ்சுக்கு நிறப்பொட்டு: எலாஸ்டோமர் கருவிப்பெட்டி வன்னி வெயிலுக்குத் தாங்குமா?

ஐந்து சென்டிமீற்றர் நீளக் கிளிமீன் குஞ்சு ஏறத்தாழ 2 கிராம் இருக்கும். உடல் நிறையில் 2 சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்பது வழமையான கணக்கு. அப்படிப் பார்த்தால் அது தாங்குவது 0.04 கிராம். ஒலி எழுப்பும் அடையாளக் கருவிகளில் மிகச் சிறியவைகூட அதைவிடப் பாரம். பிடித்த குஞ்சை வேறு பவளப் பாரில் விட்டு, திரும்பி வருகிறதா என்று பார்க்க விரும்புபவருக்கு மிஞ்சுவது தோலுக்கடியில் ஏற்றும் நிறப்பொட்டுத்தான். அமெரிக்காவின் நோர்த்வெஸ்ட் மரைன் டெக்னாலஜி விற்கும் வி.ஐ.ஈ. எலாஸ்டோமர் (ஏற்றிய பின் இறப்பர் போல இறுகும் நிறப்பொருள்) பெட்டி இதற்கென்றே வந்தது.

உள்ளே இருப்பது நிறச் சிலிக்கோனும் அதை இறுக வைக்கும் திரவமும். 10 பங்குக்கு 1 பங்கு: 1 மில்லிலீற்றர் நிறத்துக்கு 0.1 மில்லிலீற்றர் திரவம். ஒரு நிமிடமாவது கலக்க வேண்டும். அரைகுறையாகக் கலந்தால் சில இடம் இறுகும், சில இடம் கூழாகவே கிடக்கும். பிறகு 0.3 மில்லிலீற்றர் இன்சுலின் ஊசிகளில் பின்பக்கமாக நிரப்ப வேண்டும்.

இங்கேதான் நம் ஊர் வெயில் விளையாடும். அறை வெப்பநிலையில் ஓரிரு மணி நேரம் வேலை செய்யக்கூடிய கலவை, நண்பகலில் சிலாவத்துறைக் கரையில் வெறும் படகில் அதைவிட வேகமாகத் தடித்துப்போகும். தடித்த கலவையை அழுத்தினால் முதலில் வராது, பிறகு ஒரேயடியாகப் பாயும். குஞ்சின் தசை கிழியும். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, ஊசிகளை நனையாத பையில் கட்டி அதற்குள் வையுங்கள். ஒரு தடவைக்கு 0.5 மில்லிலீற்றருக்கு மேல் கலக்காதீர்கள். பொட்டு என்பது 2–3 மில்லிமீற்றர்க் கோடுதான், அதற்கு எவ்வளவுதான் வேண்டும்?

மயக்கத்துக்குக் கராம்பு எண்ணெய் போதும். 1 பங்கு எண்ணெய், 9 பங்கு எத்தனோல். கடல்நீர் லீற்றருக்கு அக்கலவையில் 0.4 மில்லிலீற்றரில் தொடங்கி, இரண்டு மூன்று குஞ்சில் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். ஊசியைத் தோலோடு சாய்த்து நுழைத்து, வெளியே இழுத்துக்கொண்டே அழுத்த வேண்டும். துளை வருமுன் நிறுத்துங்கள். துளைவாயில் ஒட்டிய சிலிக்கோன் இறுகும்போது உள்ளிருக்கும் கோட்டையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். பொட்டு தொலைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பெட்டியைக் குறை சொல்வதில் பயனில்லை. மயக்கம் தெளிந்து நேராக நீந்தத் தொடங்காத குஞ்சைக் கடலில் விட்டால் கலவாய் மீனுக்குச் சாப்பாடு.

பத்து நிறம் உண்டு, ஆறு ஒளிர்பவை. பத்தையும் வாங்குவது வீண். சிவப்பு, செம்மஞ்சள், இளஞ்சிவப்பு மூன்றும் நீருக்கடியில் ஒன்றையொன்று போல ஏமாற்றும். மஞ்சள், சிவப்பு, நீலம் போதும்: உடலில் நாலு இடத்தில் ஏதாவது ஒன்றில் ஒரு பொட்டென்றால் 12 மீனைப் பிரித்தறியலாம், இரண்டு பொட்டென்றால் இன்னும் 54. கறுத்த தோலுக்கடியில் ஒன்றும் தெரியாது. செட்டையடியிலோ வயிற்றுப் பக்கத்திலோ குத்துங்கள். ஒளிரும் நிறங்களைப் பார்க்க ஊதா விளக்கும் அம்பர் கண்ணாடியும் இருட்டில் அருமை, நண்பகல் ஆழங்குறைந்த நீரில் கிட்டத்தட்டப் பிரயோசனமில்லை.

கொக்கிளாய், நந்திக்கடல் போன்ற களப்புகளின் கலங்கல் நீரில் நீந்திப் பார்த்து வாசிக்கலாமென்று நம்ப வேண்டாம். அங்கே ஓரா மீன் குஞ்சைத் திரும்பப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். வங்காலை, அரிப்புப் பார்களில் வாடைக்காலத்துத் தெளிந்த நாட்களே நல்லது, சோளகத்தில் போகாதீர்கள். முதலில் கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதி.

பெட்டி சொல்லாத ஒன்று: பொட்டு 'இது எந்த மீன்' என்று மட்டும் சொல்லும், 'எங்கே வாழ்கிறது' என்று சொல்லாது. நடமாடும் பரப்பு வேண்டுமானால் இலக்கமிட்ட கற்களை வலைப்பின்னலாக வைத்து, ஒவ்வொரு குஞ்சையும் பல நாள், பல வேளை பின்தொடர்ந்து புள்ளி குறிக்க வேண்டும். புள்ளி கூடக் கூடப் பரப்பும் கூடிக்கொண்டே போனால் கணக்கு இன்னும் முடியவில்லை. பிடித்து, பொட்டிட்டு, அதே இடத்திலேயே விட்ட குஞ்சுகளும் கட்டாயம் ஒரு தொகுதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காணாமல் போனது இடமாற்றத்தாலா ஊசியாலா என்று பிரிக்க முடியாது.

திரும்பி வந்த நாளோடு மூட்டை கட்டவும் கூடாது. அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் இடமாற்றிய கிளிமீன் குஞ்சுகளும் எலுமிச்சை நிற டாம்செல் குஞ்சுகளும் வீடு சேர்ந்தன. ஆனால் எதிர்பார்த்ததைவிடச் சராசரியாக ஏறத்தாழ மூன்று நாள் முந்தி அவ்விடத்தை விட்டு மறைந்தன. குறைந்தது இரண்டு கிழமை பாருங்கள்.

பெட்டிக்கு என் மதிப்பீடு ஐந்துக்கு நாலு புள்ளி. ஒரு புள்ளி குறைந்தது ஐஸுக்காக: ஐஸ் வாங்க வழியில்லாத கரையில் இந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். வாங்கும்போது இறுக்கும் திரவத்தில் ஒரு போத்தல் மேலதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். சிந்திப் போனால் நிறமும் சேர்ந்து வீண்.