லினக்ஸ் ரூட் பார்ட்டிஷனைப் புதிய எஸ்எஸ்டிக்கு மாற்ற: டிடியா, குளோன்சில்லாவா, ஆர்சிங்க்கா?

பழைய ஹார்ட் டிஸ்கின் ரூட் பார்ட்டிஷனில் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க் பகுதி) உள்ள டெபியனையோ உபுண்டுவையோ மறுபடி நிறுவாமல் எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோக நினைப்பவர்களில் பலர் முதலில் கைவைப்பது, டிஸ்கை அப்படியே பைட் பைட்டாக நகலெடுக்கும் டிடி (dd) கட்டளையில்தான். ஒரே வரியில் வேலை முடிகிறது என்பது அதன் கவர்ச்சி. ஆனால் கோப்பு முறைமை (டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பு) என்ற ஒன்று இருப்பதே டிடிக்குத் தெரியாது என்பதால், 500 ஜிபி பார்ட்டிஷனில் 60 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் காலி இடத்தையும் சேர்த்தே அது நகலெடுக்கும். 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற வேண்டுமானால் முதலில் கோப்பு முறைமையைச் சுருக்கியாக வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் (XFS) என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்துவோருக்கு அந்த வழியும் நடைமுறையில் இல்லை.

தைவானில் உருவான டிஸ்க் நகலெடுப்பு மென்பொருளான குளோன்சில்லா, உள்ளுக்குள் பார்ட்குளோன் என்ற கருவியைக் கொண்டு, பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டும் எடுப்பதால் நேரம் வெகுவாக மிச்சமாகிறது. புதிய டிஸ்க் பழையதன் அளவிலோ பெரிதாகவோ இருந்தால் இதுவே போதும். லைவ் யூஎஸ்பியிலிருந்து இயங்குவதால், மவுன்ட் ஆகியிருக்கும் (இணைக்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ள) பார்ட்டிஷனை நகலெடுத்துக் குழப்பிக்கொள்ளும் வாய்ப்பும் குறைவு.

இவ்விரண்டிலும் கோப்பு முறைமையின் அடையாள எண்ணான யூயூஐடி (UUID) அப்படியே நகலாகிறது. எதை எங்கே மவுன்ட் செய்வது என்று கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பைத் தொட வேண்டாம் என்பது வசதிதான் என்றாலும், இரு டிஸ்குகளையும் மாட்டியபடியே பூட் செய்தால் எது ரூட்டாக மவுன்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற கோப்பு முறைமையில் இது தரவையே பாழாக்கக்கூடும் என்பதால், பழையதைக் கழற்றிவிட்டுப் பூட் செய்வதே முறை.

ஆர்சிங்க் (rsync) கட்டளை கோப்பு கோப்பாக நகலெடுப்பதால் டிஸ்க் சிறியதானாலும், எக்ஸ்ட்4 (ext4) கோப்பு முறைமையிலிருந்து பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு மாறுவதானாலும் தடையில்லை. அதன் ஆர்கைவ் தெரிவு (-a) எல்லாவற்றையும் கொண்டுவரும் என்று நம்பிவிடுவதே இங்கு வழக்கமான சறுக்கல். ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்குள்ள கூடுதல் பெயர்), ஏசிஎல் (விரிவான அனுமதிப் பட்டியல்), நீட்டிக்கப்பட்ட பண்புகள் (கோப்போடு ஒட்டியிருக்கும் கூடுதல் தகவல்) ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்டால்தான் அவை வரும். பண்புகள் விடுபட்டால் ஃபெடோராவில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் லேபிள்கள் போய்விடும். நகலெடுத்த பிறகு எஃப்எஸ்டேப்பில் புதிய யூயூஐடியை எழுதி, சிரூட் செய்து (புதிய நகலுக்குள் நுழைந்து), பூட் செய்யும் மென்பொருளான கிரப்பை நிறுவி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். டெபியனில் ரெஸ்யூம் அமைப்பு (உறக்கநிலையிலிருந்து மீள எங்கே பார்ப்பது என்ற குறிப்பு) பழைய ஸ்வாப் பார்ட்டிஷனின் (நினைவகத்துக்கு உதவும் டிஸ்க் பகுதி) யூயூஐடியைக் காட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு பூட்டின்போதும் இல்லாத பார்ட்டிஷனுக்காகக் கணினி சிறிது நேரம் காத்துக்கிடக்கும். எஸ்எஸ்டி வாங்கியும் வேகம் வரவில்லையே என்று நொந்துகொள்பவர்கள் முதலில் அங்கே பார்ப்பது நல்லது.

அளவு குறைகிறது என்றால் ஆர்சிங்க், இல்லையென்றால் குளோன்சில்லா என்பதே என் தேர்வு. படிக்கும்போதே பிழை காட்டும் டிஸ்குக்குக்கூட நான் டிடியைப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கென உள்ள ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்புக் கருவி நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்டவற்றை மேப் கோப்பில் குறித்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து முயல்கிறது.